யூரியா போட்ட கௌபி

கௌபிச் செடியைப் பிடுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் செடி வரும். வேரில் இருக்கும் முடிச்சுகள் மண்ணோடு நின்றுவிடும். முதல்நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவைக்க வேண்டும். அடுத்த நாள் செடி வளர்ந்த பையைக் கிழித்து, மண்கட்டியோடு அப்படியே வாளித் தண்ணீரில் இறக்கி, மண் தானாகக் கரையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. கௌபி விஷயத்தில் மட்டும் எப்படியோ இருந்தது.

நான் ஹெவ்லொக் டவுனில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக அதே ஆய்வுகூடம், அதே திறப்புக் கோர்வை. போத்தல் கழுவுவது, நுணுக்குக்காட்டி துடைப்பது, உயர்தர வகுப்பு உயிரியல் பிள்ளைகளின் செய்முறைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, இதுதான் வேலை. வருடத்தில் ஒருமுறை வேர்முடிச்சு பற்றிய செய்முறை வரும். ஆறு கிழமைக்கு முந்தியே அதற்குக் கௌபி, தட்டைப்பயறு என்றும் சொல்வார்கள், விதைத்துவிடுவேன். பிந்தி விதைத்தால் முடிச்சு கடுகளவு இருக்கும். முந்தி விதைத்தால் செடி காய் பிடித்துவிடும். முடிச்சு பச்சையாகி, கபில நிறமாகி, உள்ளே அழுகிவிடும். சரியான நாளில் பிடுங்கி, ஒரு முடிச்சை பிளேட்டால் பிளந்தால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால்தான் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். நம்முடைய இரத்தத்தைச் சிவப்பாக்குகிற பொருளுக்கு உறவான ஒன்றுதான் அங்கேயும் இருக்கிறது. பிள்ளைகள் "ஐயோ, ரத்தம்!" என்று கத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் கத்துவார்கள். அதைக் கேட்பதற்கென்றே நான் கதவோரம் நிற்பேன்.

முடிச்சு விதையோடு கூடப் பிறப்பதில்லை. முளைக்கும்போது வேர் வெறும் வேர்தான். அதற்குள் வந்து குடியிருக்கிற பற்றீரியா மண்ணில் கிடக்க வேண்டும். செடிக்கு நைதரசன் பற்றாமல் போகும்போது வேர் எதையோ மண்ணுக்குள் கசியவிடும். அதை அறிந்து பற்றீரியா வந்து ஒட்டும். வேர்மயிர் சுருண்டு அதைப் பிடித்து, உள்ளே போக மெல்லிய ஒரு வழியும் திறந்துவிடும். வேறு கிருமி வந்தால் எதிர்த்து நிற்கிற அதே வேர்தான் இதற்கு மட்டும் வழி விடுகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து சீவியம். செடி வெல்லம் கொடுக்கும். பற்றீரியா காற்றில் இருக்கிற நைதரசனைப் பிடித்து, செடி சாப்பிடக்கூடிய மாதிரி மாற்றிக் கொடுக்கும். எங்கள் உயிரியல் ரீச்சர் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நாற்பது நிமிடம் விளக்குவார். நான் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே பாடமாக்கிவிட்டேன்.

கடையில் வாங்குகிற தும்புத்தூளில் அந்தப் பற்றீரியா இருக்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் கௌபி வளர்ந்த மண்ணில் ஒரு பெட்டி எடுத்து வைத்து, அடுத்த வருடம் பைக்கு ஒரு பிடி போடுவேன், தயிருக்கு உறை விடுகிற மாதிரி. இது எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. இரண்டு வருடம் முடிச்சு வராமல் ஏச்சு வாங்கிய பிறகு வந்த புத்தி.

அந்த வருடம் பாடசாலைத் தோட்டத்தைப் புதுக் கட்டடத்துக்காகக் கிண்டிப் போட்டிருந்தார்கள். செடி வைக்க ஒரு சாண் இடமில்லை. சரி போ என்று, பழைய மண்ணையும் பைகளையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் விதைத்தேன். நாற்பது பால்மா பைக்கற், ஒவ்வொன்றிலும் மூன்று விதை. கடற்காற்று படாமல் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அடுக்கினேன். நான் வேலைக்குப் போனபிறகு தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போனபோது எனக்கு ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் என்னை வைத்துக்கொண்டு, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் டைப் அடிக்கப் போனாள். என்னைப் படிப்பித்தாள். உயர்தரத்தில் இரண்டுமுறை கோட்டை விட்டேன்; ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆய்வுகூட வேலைக்கு விண்ணப்பம் டைப் பண்ணியதும் அவள்தான். கலியாணம் எங்கள் இரண்டு பேருக்கும் சரிவரவில்லை. அவளுக்கு என்னால், எனக்கு என் வாயால். எனக்கு நாற்பத்தேழு வயதாகியும் மீன்முள்ளை எடுத்துவிட்டுத்தான் என் தட்டில் போடுவாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பிரஷர் கனகாலமாக இருந்தது. கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். கிழமைக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, மரக்கறியை அவித்து நீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், பருப்பு, பயறு எல்லாம் கட்டுப்பாடு. ஞாயிறு காலையில் கௌபி அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, கட்டைச் சம்பலோடு சாப்பிடுவது அக்காவின் உயிர். அதுவும் நின்றது. தான் வாயில் வைக்கக்கூடாத கௌபிக்குத்தான் அவள் தினமும் மூன்று மாடி ஏறித் தண்ணீர் ஊற்றினாள்.

விதைப்பதற்கு இரண்டு கிழமை முன்பு டொக்டர் இரண்டு பேரையும் இருத்தி வைத்துக் கதைத்தார். சிறுநீரகம் மாற்றினால் அக்கா பல வருடம் இருப்பாள், இல்லாவிட்டால் சொல்ல ஏலாது என்றார். சகோதரம் கொடுத்தால் நல்லது. இரத்த வகை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். "தங்கச்சி என்ன சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தார். "ஓம் டொக்டர், அதுக்கென்ன" என்றேன். வெளியே மேசையில் இருந்த நேர்ஸ் ஒரு கொப்பியில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார். சோதனைகளுக்குத் திகதி போட்டுக் கூப்பிடுவோம் என்றார். "இந்தச் செய்முறை ஒண்டு இருக்கு மிஸ், அது முடியட்டும், பிறகு எப்பவும் வரலாம்" என்றேன். என்னமோ நான் இல்லாவிட்டால் இலங்கையில் உயிரியல் பாடமே நின்றுவிடும் என்கிற மாதிரி.

எனக்குப் பயம். அதை மறைத்து என்ன? ஆய்வுகூடத்தில் செத்த எலியை அறுத்துக் கொடுக்கிறவள் நான். ஆனால் என் விலாவில் கத்தி வைப்பதை நினைத்தாலே கால் குளிர்ந்துவிடும். மயக்கமருந்து கொடுத்து எழும்பாமல் போனால்? மிச்சமிருக்கிற ஒன்றும் பழுதானால்? அக்காவுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று பலபேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். உயிரை யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு சிறுநீரகம். போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்றது. வேறு யாரோ என்று தெரிந்ததும் மூச்சு வந்தது.

மூன்றாம் கிழமை கௌபி மஞ்சளாகத் தொடங்கியது. அது வழக்கம். விதையில் இருந்த சாப்பாடு முடிந்து, முடிச்சு வேலை தொடங்குவதற்கு இடையில் ஒரு பஞ்சகாலம் உண்டு. "ஒண்டும் செய்யாதேங்கோ, அது தானா வரும்" என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா "பாவமாக் கிடக்கு பிள்ளை, பசியில நிக்குதுகள்" என்றாள். "பசி கிடக்கட்டும்" என்றுவிட்டுக் காலை பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஒரு கிழமையில் செடிகள் பிடித்துக்கொண்டன. கரும்பச்சை இலை, தடித்த தண்டு. இவ்வளவு வடிவான கௌபி நான் ஒருநாளும் வளர்த்ததில்லை. படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் போட்டார். நானும் கர்வத்தோடு இருந்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம், மண்ணாங்கட்டி.

செய்முறைக்கு முதல்நாள் பாடசாலை விட்டு வந்து, வாளியில் முதல் பையை இறக்கினேன். மண் கரைந்தது. வேரைத் தூக்கினால் வெள்ளை வெளேரென்று, கழுவி வைத்த நூல் மாதிரி இருக்கிறது. ஒரு முடிச்சில்லை. இரண்டாவது பை, மூன்றாவது பை. பத்தாவது பையில் குண்டூசித் தலையளவில் இரண்டு மூன்று இருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை. அக்கா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்தனீங்கள் இதுக்கு?" என்றேன்.

"தண்ணி ஊத்தினனான்."

"தண்ணியோட?"

"ஒரு கரண்டி யூரியா. பூமரம் விக்கிறவன் கீழ வந்தவன். இலையைக் காட்டினன். 'யூரியா டிக்கக் தான்ன நோனா', கொஞ்சம் யூரியா போடுங்கோ எண்டு ஒரு சின்னப் பைக்கற் தந்தவன். கிழமைக்கு ஒருக்காத்தான் போட்டனான்." பிறகு என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "என்ர ரிப்போட்டில யூரியா கூடிக்கிடக்கு, அதுகளுக்குக் குறைஞ்சு போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

நான் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதே. நாளைக்கு முப்பது பிள்ளைகள் பிளேட்டோடு நிற்பார்கள். அக்காவை நான் என்றைக்கும் "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாய் தவறியது.

"விசரே உனக்கு? நைதரசனைக் கொண்டுபோய் வாய்க்குள்ள ஊட்டிவிட்டா வேர் ஏன் முடிச்சுப் போடப்போகுது? அதுக்கென்ன தலையெழுத்தே? பசிச்சாத்தான் அது இன்னொண்டுக்குத் தன்ர உடம்பில இடம் குடுக்கும். ஊட்டி ஊட்டிக் கெடுத்துப்போட்டாய்! பாக்கத்தான் வடிவு, பிடுங்கிப் பாத்தா ஒரு பிரயோசனமில்லை!"

பக்கத்துக் கட்டடத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அக்கா டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற கையை மற்றக் கையால் தடவிக்கொண்டு இருந்தாள். கோபமில்லாமல், சாதாரணமாக, உப்புக் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அப்பிடியெண்டா அது என்ர பழக்கம் பிள்ளை. உன்னையும் அப்பிடித்தான் வளர்த்தனான்."

குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவளாக இருந்திருந்தால் நானும் திருப்பி ஏதாவது கத்தியிருப்பேன். வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "வேற எந்தச் செடியில முடிச்சு வரும்?" என்று அக்காதான் கேட்டாள். தொட்டாற்சுருங்கியில் வரும் என்றேன். "றெயில் பாதைக் கரையில நிறைய நிக்குதே. வா, நானும் வாறன். பிழை என்ரதானே." வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. சாமான் பையும் சமையலறைக் கரண்டியும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்தோம். அக்கா ஒரு கல்லில் இருந்துகொண்டாள். நான் குந்தியிருந்து கிண்டினேன். தொட்டதும் இலையெல்லாம் கூம்பியது. முள் மட்டும் கூம்பவில்லை. விரலெல்லாம் கீறல். கோதாரி விழுந்த முள் என்று ஏசிக்கொண்டே கிண்டினேன். ஆனால் வேரில் முடிச்சு இருந்தது. எவரும் விதைக்காத, எவரும் தண்ணீர் ஊற்றாத சல்லிக்கல் மண்ணில், கொத்துக் கொத்தாக.

ஒன்றைக் கிள்ளிப் பிளந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"உள்ள ரத்தமே இது?"

"ரத்தம் மாதிரி ஒண்டு."

"இவ்வளவு சின்னதுக்குள்ளயும்." அதை விரலால் மெல்ல உருட்டினாள். "அந்தக் கிருமி வெளியில இருந்து வந்ததுதானே. வேர் எப்பிடி அதைத் தள்ளிவிடாமல் வைச்சிருக்குது? கிட்னி மாத்தினா ஆக்களின்ர உடம்பு தள்ளப் பாக்கும், சாகும்வரைக்கும் குளிசை போடவேணும் எண்டெல்லோ டொக்டர் சொன்னவர்."

அதுதான் நான் கதைத்திருக்க வேண்டிய இடம். அக்கா, நான் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறன் என்று சொல்லியிருக்கலாம். "அது பெரிய கதை அக்கா, ரெண்டும் பழகினது" என்றேன். "முதல்ல நாளைக்குச் செய்முறை முடியட்டும்" என்றும் சொன்னேன். அவள் கேட்காத கேள்விக்கு.

"ஓம் ஓம், முடியட்டும்" என்றாள் அக்கா. பாணந்துறைப் பக்கம் போகிற றெயில் ஒன்று வாசலில் ஆட்கள் தொங்கத் தொங்கக் கடந்து போனது.

செய்முறை நன்றாக நடந்தது. பிள்ளைகள் முள் குத்தியும் கத்தினார்கள், சிவப்பைப் பார்த்தும் கத்தினார்கள். யூரியா போட்ட கௌபியையும் கொண்டுபோயிருந்தேன். ரீச்சர் அதைப் பக்கத்தில் வைத்து, நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்கு மினக்கெடாது என்று விளக்கி, "நல்ல உதாரணம் கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்று என்னைப் பாராட்டினார். நான் கதவோரம் நிற்காமல் உள்ளறைக்குப் போய் போத்தல் கழுவினேன்.

செய்முறை முடிந்தது. நான் சொன்ன சாட்டும் முடிந்தது. போன் வரவில்லை. அவர்கள்தானே கூப்பிடுவதாகச் சொன்னார்கள் என்று இருந்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம். ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான், எல்லாம் இழுபறி என்று தெரிந்தவர்களிடம் குறை சொன்னேன். ஒவ்வொரு கிழமையும் அக்காவை டயாலிசிஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு அந்த மேசையைத் தாண்டித்தான் போனேன். ஒருநாளும் நின்று கேட்கவில்லை. வருடத்தின் கடைசியில் அக்காவுக்கு டயாலிசிஸ்ஸுக்காகக் கையில் போட்ட வழி அடைத்துப்போய், கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி தொற்றியது. குளிர்நடுக்கத்தோடு வார்ட்டில் சேர்த்தார்கள். அக்கா அரைக் கண்ணோடு கிடப்பதைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேரே அந்த மேசைக்குப் போய்க் கத்தினேன்.

"எத்தினை மாசம் மிஸ்! நம்பர் எழுதினனீங்கள், ஒருத்தரும் கூப்பிடேல்லை. உங்களுக்கு மனுசற்ற உயிர் விளையாட்டே?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கத்தும்போது எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. பிழை வேறொருவருடையது அல்லவா. நேர்ஸ் ஒன்றும் கோபிக்கவில்லை. கொப்பியை எடுத்து ஒற்றைகளைப் பின்னோக்கிப் புரட்டினார். என் பெயர் இருந்தது. அதன் குறுக்கே மைப்பேனையால் ஒரு கோடும் இருந்தது.

"உங்கட அக்காதான் வந்து சொன்னாங்க, தங்கச்சிக்குச் சீனி வருத்தம், டயபிடிஸ், குடுக்க ஏலாது எண்டு. பெயர் எழுதி அடுத்த கிழமையே சொல்லிட்டாங்க. அதனாலதான் வெட்டினேன்."

அடுத்த கிழமை. அப்போது நான் கௌபியே விதைக்கவில்லை. மொட்டைமாடியில் நான் கத்தியபோதும், றெயில் பாதைக் கரையில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் இது நடந்து முடிந்திருந்தது.

நேர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "இருக்குத்தானே உங்களுக்குச் சீனி? இல்லையெண்டா சொல்லுங்க. இண்டைக்கே பிளட் எடுத்து டெஸ்ட் தொடங்கலாம். அக்காட காய்ச்சல் இறங்கினா டொக்டரோட கதைக்கலாம்." கையில் பேனை தயாராக இருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் துண்டோடு வரிசையில் நின்றார்கள்.

எனக்குச் சீனி வருத்தம் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

"ஓம் மிஸ்," என்றேன். "இருக்கு."

அக்கா அதற்குப் பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். காய்ச்சல் இறங்கவேயில்லை, அன்றைக்கு நான் சீனி இல்லை என்று சொல்லியிருந்தாலும் நேரம் போதாமல் போயிருக்கும் என்று டொக்டர் சொல்லக்கூடும். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற துணிவு எனக்கில்லை.

அன்றைக்கு மேசையில் இருந்து வார்ட்டுக்குத் திரும்பிப் போனபோது அக்கா விழித்திருந்தாள். தண்ணீர் கூடக் குடிக்க விடாததால் உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன்.

"எங்க போனனீ?"

"மேசைக்கு. மிஸ்ஸோட கதைக்க."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. கெதியில கூப்பிடுவினமாம்."

"ஓம்," என்றாள் அக்கா. "கூப்பிடுவினம்." என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள்.

அவள் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. நான் பொய் சொன்னதும் என்னைக் காப்பாற்றத்தான்.